மொட்டை மாடிக் கீரைக்கு டைமர் வைத்த சொட்டுநீர்: மூன்று கோடைக்குப் பிறகு

சொட்டுநீர் கிட் வாங்கிப் பொருத்தியவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "டைமர் ஓடுது, தண்ணி வரல." டைமரில் பழுது இருப்பதில்லை. மொட்டை மாடியில் தண்ணீருக்கு அழுத்தம் இருப்பதில்லை. கிட் விற்பவர்கள் இதை அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் அழுத்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். இது பிடிபட்டால் பாதிச் செடிகள் பிழைத்த மாதிரி.

முதலில் அமைப்பு. சென்னையில் ஒரு மொட்டை மாடி. 24 பைகள்: கீரைக்கு 2 அடிக்கு 1 அடி நீளப் பைகள் 14, தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 12 அங்குல வட்டப் பைகள் 10. 500 லிட்டர் தனித் தொட்டி. அதன் அடிப்பாகம் பைகளின் மட்டத்திலிருந்து 5 அடி உயரம். 16 மி.மீ. கறுப்புக் குழாய் பிரதானம், அதிலிருந்து 4 மி.மீ. சிறு குழாய்கள். நீளப் பைக்கு இரண்டு டிரிப்பர் (தண்ணீரைச் சொட்டவிடும் சிறு முனை), வட்டப் பைக்கு ஒன்று, மொத்தம் 38. பேட்டரியில் ஓடும் டைமர் ஒன்று. மூன்று கோடையும் இரண்டு வடகிழக்குப் பருவமழையும் தாண்டியிருக்கிறது.

10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். தொட்டி பைகளை விட 5 அடி மேலே இருந்தால் கிடைப்பது 0.15 பார். தொட்டி நிறைந்திருந்தால் 0.25 பக்கம் வரும், அவ்வளவுதான். கடையில் கிடைக்கும் டைமர்களில் ஒரு வகை சோலனாய்டு வால்வு. அதனுள் இருக்கும் ரப்பர் சவ்வைத் திறக்கத் தண்ணீரின் அழுத்தமே உதவ வேண்டும், 0.15 பாரில் அது அசையாது, அல்லது அரைகுறையாகத் திறக்கும். இன்னொரு வகை பால் (ball) வால்வு. சின்ன மோட்டார் உள்ளே இருக்கும் உருண்டையைத் திருப்பித் திறக்கும், மூடும். அதற்கு அழுத்தமே வேண்டாம். மாடித் தொட்டிக்கு இதுதான் சரி. பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் '0 பார்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடவில்லையென்றால் கடையிலேயே பேட்டரி போட்டுத் திறக்கச் சொல்லிக் காதை வையுங்கள். 'டக்' என்று ஒரே சத்தம் வந்தால் சோலனாய்டு. நாலைந்து விநாடி 'கிர்ர்' என்று மோட்டார் சுற்றினால் பால் வால்வு.

இதே காரணத்தால், அழுத்தத்தை ஈடுகட்டும் விலை கூடிய டிரிப்பர்களும் இங்கே வீண். அவை ஒழுங்காக வேலை செய்ய அரை பாருக்கு மேல் வேண்டும். மணிக்கு 4 லிட்டர் என்று போட்ட சாதாரண டிரிப்பர், அதிலும் இரண்டாகக் கழற்றிக் கழுவக்கூடியது, போதும். ஆனால் அந்த 4 லிட்டர் 1 பார் அழுத்தத்துக்கான கணக்கு. அழுத்தம் குறைந்தால் ஓட்டம் வர்க்கமூல விகிதத்தில் குறையும். நிறைந்த தொட்டியில் மணிக்கு 2 லிட்டர், வற்றும் தறுவாயில் ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 4 லிட்டர் வருவதாக நம்பி 10 நிமிடம் வைத்தவர்களின் செடிதான் மே மாதத்தில் காய்கிறது. ஒரு டிரிப்பரின் கீழே டம்ளர் வைத்து 10 நிமிடம் பிடித்து அளந்து பாருங்கள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, குழாயின் கடைசியில் ஒன்று. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் எங்கோ அடைப்பு அல்லது குழாய் மடிந்திருக்கிறது.

இந்த மாடியில் ஓடும் நேரம்: அக்னி நட்சத்திர நாட்களில் காலை 6 மணிக்கு 20 நிமிடம், மாலை 6.30க்கு 20 நிமிடம். ஒரு டிரிப்பருக்கு நாளுக்கு 1.1 முதல் 1.3 லிட்டர் வரை, மொத்தமாக 45 லிட்டர் அளவில் செலவாகிறது. தக்காளி காய் பிடிக்கும் சமயத்தில் அந்தப் பைக்கு மட்டும் இன்னொரு டிரிப்பர் சேர்க்க வேண்டும். தை, மாசியில் காலை ஒரு வேளை போதும். ஐப்பசி, கார்த்திகையில் டைமரை நிறுத்திவிட்டு, மழை விட்ட நாளில் மட்டும் கையால் ஊற்றுவது நல்லது. மதியம் 2 மணிக்குத் திறக்கும்படி வைப்பது பெரிய தவறு. கறுப்புக் குழாயில் நின்ற தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அது நேராக வேரில் இறங்கும்.

மூன்று வருடத்தில் வந்த கோளாறுகளில் முதலிடம் உப்புக்கு. போர் தண்ணீரின் சுண்ணாம்பு டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்து, மூன்று நான்கு மாதத்தில் ஓட்டத்தைப் பாதியாக்கிவிடும். கழற்றி, லிட்டருக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டால் காலையில் பழைய பல் துலக்கியால் தேய்க்க உதிர்ந்துவிடும். ஊசி விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதாகி அந்தப் பைக்கு மட்டும் வெள்ளம் போகும். டைமருக்கு முன்னால் 120 மெஷ் வடிகட்டி கட்டாயம். கோடையில் வாரம் ஒரு முறை கழற்றிக் கழுவுங்கள். மாதம் ஒரு முறை 16 மி.மீ. குழாயின் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் போன்ற சாணம், கோமியம் கலந்த கரைசல்களை இந்தக் குழாயில் விடவே வேண்டாம், எவ்வளவு வடிகட்டினாலும் அடைக்கும். பஞ்சகவ்யம் என்றால் லிட்டருக்கு 30 மில்லி கலந்து இலையில் தெளிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது பேட்டரி. பால் வால்வு டைமரில் பேட்டரி தீர்ந்தால், உருண்டை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே நிற்கும். மூடிய நிலையில் நின்றால் செடி வாடும். திறந்த நிலையில் நின்றால் 38 டிரிப்பர் வழியே 500 லிட்டரும் ஏழெட்டு மணி நேரத்தில் மாடியில் ஓடிவிடும். 'பேட்டரி குறைவு' என்ற குறி வரும்வரை காத்திருக்கக் கூடாது. சித்திரை ஒன்று, ஐப்பசி ஒன்று என இரண்டு தேதியை வைத்துக்கொண்டு, குறி வந்தாலும் வராவிட்டாலும் மாற்றிவிடுங்கள். ஆல்கலைன் பேட்டரிதான் போட வேண்டும். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட் என்பதால் பல டைமர்கள் முழுதாகச் சார்ஜ் ஆனதையே தீர்ந்த பேட்டரி என்று எடுத்துக்கொள்ளும். மாற்றியதும் மணி சரியா என்று பார்க்க வேண்டும். பல மாடல்களில் நேரம் 12க்குத் திரும்பிவிடும், காலைத் தண்ணீர் உச்சி வெயிலில் போகும். பேட்டரி அறையின் தகட்டில் மழைக்காலத்தில் பச்சைக் களிம்பு ஏறும். லேசாக வாசலின் தடவி வைத்தால் ஏறாது.

4 மி.மீ. குழாய் பிடுங்கிக்கொள்வது பொருத்தும்போது செய்த தவறு. வெயிலில் இளகிய குழாயில் துளை போட்டால் துளை பெரிதாகிவிடும். விடியற்காலையில் துளை போட்டு, சிறு குழாயின் நுனியை வெந்நீரில் தோய்த்துச் செருகினால் வருடக்கணக்கில் அசையாது. இன்னொன்று அணில். கோடையில் தாகத்துக்கு அது சிறு குழாயைக் கடித்துவிடும். மாடியில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைத்ததும் கடி பெரும்பாலும் நின்றுபோனது, அதுக்கும் தாகம்தானே.

கீரைக்கு இந்த அமைப்பு எவ்வளவு பொருந்தும் என்றால், வளர்ந்த கீரைக்கு அருமை, விதைத்த முதல் வாரத்துக்கு ஆகாது. தென்னை நார்க்கழிவு அதிகம் உள்ள மண் கலவையில் டிரிப்பர் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். மேல் மண்ணில் உள்ளங்கை அகலத்துக்குத்தான் ஈரம் இருக்கும், மற்ற இடத்தில் விதை முளைக்காது. விதைத்த நாளிலிருந்து ஏழெட்டு நாள் பூவாளியால் காலை மாலை தெளித்தே ஆக வேண்டும். நீளப் பைக்கு இரண்டு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண்புழு உரம் சலித்துப் போடுங்கள். எறும்பு விதையைத் தூக்கும். பை ஓரத்தில் கொஞ்சம் அரிசி மாவு தூவினால் அது மாவோடு போய்விடும்.

முளைக்கீரை, சிறுகீரை 25 நாளில் வேரோடு பிடுங்கத் தயார். அரைக்கீரைதான் டைமருக்கு ஏற்ற பயிர். ஒரு மாதத்தில் முதல் அறுப்பு, தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் பதினைந்து நாளுக்கொரு முறை பல மாதம் துளிர்க்கும். அறுத்த அன்றே ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட வேண்டும். மே மாதத்தில் பாலக்கும் வெந்தயக்கீரையும் போட்டு மனம் நோக வேண்டாம். வெயிலில் பூத்தண்டு விட்டுக் கசந்துவிடும். கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, தண்டுக்கீரை தாங்கும். அதுவும் 50 சதவீத நிழல் வலையின் கீழே.

டைமர் வந்தபின் செடி சாவது பெரும்பாலும் தண்ணீர் கூடியதால்தான். இலை மதியம் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தால் அது வெறும் வெயில், நேரத்தைக் கூட்டாதீர்கள். விடிகாலையிலேயே துவண்டிருந்தால் வேரில் கோளாறு. விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் அடைப்பு. சொதசொத என்று புளித்த வாடை வந்தால் அழுகல், அந்த டிரிப்பரை மூடிவிட்டுப் பையின் அடித்துளையைப் பாருங்கள். குத்திப் பார்க்கும் இரு முள் ஈரமானியை நம்ப வேண்டாம். அது மண்ணின் உப்பையும் சேர்த்து அளக்கும். நார்க்கழிவில் வறண்ட மண்ணையும் ஈரம் என்று காட்டும். பையின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும் கனமே நல்ல அளவுகோல். வெள்ளை உப்பு மேலே படிந்தால், மாதம் ஒரு முறை அடியில் வழியும்வரை கையால் ஊற்றி அலசிவிட வேண்டும். சொட்டுநீர் மட்டும் போனால் உப்பு வெளியேறாது.

சாப்பாட்டுக் கணக்குக்கு வருவோம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு நாளுக்கு 100 கிராம் கீரை. நாலு பேர் வீட்டில் வாரம் மூன்று நாள் கீரை என்றால் 1,200 கிராம். நீளப் பை ஒன்றில் நல்ல அறுப்புக்கு 200 முதல் 250 கிராம்தான் கிடைக்கிறது, அதுவும் பதினைந்து நாளுக்கொரு முறை. ஆக 11 பை கீரைக்கு மட்டுமே வேண்டும். நாலு பை வைத்துக்கொண்டு "கடையில் கீரையே வாங்குவதில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அறுத்த அரை மணியில் அடுப்புக்குப் போகும் கீரையின் லாபம் வேறு. வைட்டமின் சியும் ஃபோலேட்டும் கடையில் வாடிக் கிடக்கும் கீரைக்கட்டில் நாளுக்கு நாள் குறையும். காலையில் அறுத்து அன்றே சமைத்தால் அந்த நஷ்டம் இல்லை.

முதலில் முழுசாக மூன்று தண்ணீரில் அலசி, பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பின் அலசினால் சத்து தண்ணீரோடு போகும். பச்சை நிறம் நிற்க ஆப்பச் சோடா போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது தயமினையும் வைட்டமின் சியையும் அழிக்கிறது. கையளவு தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, மத்தால் கடைந்து, தாளிக்க ஒரு கரண்டி நல்லெண்ணெய் விடுங்கள். பீட்டா கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாலக், தண்டுக்கீரை வகைகளை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சேர்ப்பது நல்லது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான்.

வைஃபை டைமர் தேவையா என்று பலர் கேட்கிறார்கள். மாடிக்கு வீட்டு வைஃபை ஒழுங்காக எட்டினால், அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு உதவும். மற்றவர்களுக்கு அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு வடிகட்டியும் 50 டிரிப்பரும் வாங்கி வைத்துக்கொள்வது மேல். மூன்றாம் வருடத்தில் மாற்ற வேண்டி வந்தது டைமரின் வாஷரும் வெயிலில் மொடமொடத்துப்போன சிறு குழாய்கள் பாதியும். 16 மி.மீ. குழாய் இன்னும் நன்றாக இருக்கிறது.

பத்து நாள் ஊருக்குப் போவதானால் நாளுக்கு 45 லிட்டர் என்று 450 லிட்டர். தொட்டியைத் தளும்ப நிரப்பிவிட்டுப் போனால் கோடையிலும் சமாளிக்கும். கடைசி இரண்டு நாளில் மட்டம் இறங்கி ஓட்டம் குறையும், அதற்கு ஒரு வழி இருக்கிறது. கிளம்பும் முந்தைய நாள் எல்லாக் கீரையையும் அறுத்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். இலை இல்லாத பைக்குத் தண்ணீர் பாதி போதும். மேலே காய்ந்த இலைச் சருகை இரண்டு அங்குலம் பரப்பி, வடிகட்டியைக் கழுவி, புது பேட்டரி போட்டு, ஒரு முறை டைமர் தானாகத் திறந்து மூடுவதை நின்று பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.