ஆட்பலமா, முன்னறிவிப்பா?

இரண்டு இலட்சத்தைத் தாண்டிய இராணுவத்தை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைக்கப்போவதாக இலங்கை அரசு 2023 ஜனவரியில் அறிவித்தது. மலையகத்தில் அது சிலரை உறுத்தலாம். 2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில், மண்சரிவில் லயன்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனபோது, முழங்கால் சேற்றில் நின்று தோண்டியவர்களில் சிப்பாய்களும் இருந்தார்கள். அந்தக் கைகளுக்கு ஈடு இல்லை.

ஆனால் 2019 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தபோது ஆளா குறைந்தது? இந்தியா முன்கூட்டியே எச்சரித்திருந்தது. யாரும் செயற்படவில்லை, 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இணையத் தாக்குதலைக் காவலரண் தடுக்காது.

என் தேர்வு சிறிய, கூர்மையான படை, புலனாய்வுக்கே முதலிடம். மீட்புப் பிரிவில் மட்டும் கைவைக்கக் கூடாது. மீரியபெத்தைக்கும் முன்பே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது.