ஈப்போவுக்கு அனுப்புவதா, கைப்பேசி முன் உட்கார வைப்பதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் என் தாஸ்காவில், அதாவது குழந்தைக் காப்பகத்தில், நான்கு பராமரிப்பாளர்கள் வேலை செய்கிறார்கள். இருவர் புதியவர்கள். கே.ஏ.பி. என்று எல்லாரும் சொல்லும் பெர்மாத்தா பராமரிப்புப் பயிற்சியை, பராமரிப்பாளருக்கான அடிப்படை வகுப்பை, அவர்கள் முடித்தாக வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளைக் காசு வாங்கிக்கொண்டு பார்த்தாலே 1984ஆம் ஆண்டுக் குழந்தைக் காப்பகச் சட்டம் (சட்டம் 308) நம்மைப் பிடித்துக்கொள்ளும். பதிவு, ஆய்வு, பயிற்சி எல்லாம் சமூக நலத்துறையின் கண்ணில் இருக்கும். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான ஆயாக் கொட்டகையில் தொட்டில் ஆட்டிய நம் பாட்டிமாருக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை.

பயிற்சிக்கு எங்கே போவது? ஈப்போவில் நேரடி வகுப்பு இருக்கிறது. இயங்கலையில் நேரலை வகுப்பு இருக்கிறது. பதிவுசெய்த காணொளியைப் பார்த்தால் சான்றிதழ் தரும் மலிவுக் கடைகளும் இருக்கின்றன. மூன்றிலும் எனக்கு அனுபவம் உண்டு.

மலிவானதை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி நிறுவனத்துக்குப் பணம் கட்டினேன். வண்ணச் சான்றிதழ் மறுநாளே வந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். கோப்பில் சேர்க்கவே இல்லை. நடத்துபவருக்கு நலத்துறையின் அங்கீகாரம் உண்டா என்று பணம் கட்டுவதற்கு முன் மாவட்ட அலுவலகத்தில் கேட்டிருக்க வேண்டும். எங்களுக்கு அது கோலகங்சாரில். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்கும்.

ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தூரம் ஒரு பொருட்டில்லை, பிள்ளைக் கணக்குதான் இடிக்கிறது. விதிப்படி, ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும். ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐந்து பேருக்கு ஒருவர். மூன்றிலிருந்து நான்கு வயதுவரை பத்துப் பேருக்கு ஒருவர். குழந்தை அறையில் இருக்கும் பெண்ணை வகுப்புக்கு அனுப்பினால் அன்றைக்கு மூன்று கைக்குழந்தைகளுக்கு ஆள் இல்லை. அவர்களின் தாய்மார் விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் ஏறிவிடுகிறவர்கள். வராதே என்று யாரிடம் சொல்வது? சனி, ஞாயிறு வகுப்பு என்றால் பயிற்சி மாதக்கணக்கில் இழுக்கும், அந்தப் பெண்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

அதனால்தான் எல்லாரும் இயங்கலைக்குத் தாவுகிறோம். இங்கேதான் நாங்கள் செய்யும் தில்லுமுல்லும் தொடங்குகிறது. ஒரு நாள் காலை குழந்தை அறைக்குள் போனேன். கைப்பேசி பால்மாவு டின்னில் சாய்ந்து நிற்கிறது, திரையில் ஆசிரியர் மலாயில் குழந்தையின் மொழி வளர்ச்சியை விளக்குகிறார், எங்கள் பெண் மடியில் ஒரு குழந்தையை வைத்துப் பால் கொடுத்துக்கொண்டே தலையாட்டுகிறாள். தொட்டிலில் இன்னொன்று அழுகிறது. வகுப்பிலும் அவள் இல்லை, பணியிலும் இல்லை. ஆனால் இரண்டு வருகைப் பதிவேட்டிலும் அவள் பெயர் இருக்கிறது. வகுப்பு நேரத்தில் அந்தப் பெண்ணைப் பிள்ளைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இப்போது மாலை வகுப்பு நடத்தும் இடத்தை மட்டும்தான் தேடுகிறேன்.

மொழிச் சிக்கல் வேறு. தோட்டத்தில் வளர்ந்த எங்கள் பெண்கள் மலாய் பேசுவார்கள், ஆனால் எழுத்து நிறைந்த பாடப்பக்கம் வேகமாக ஓடினால் தடுமாறுவார்கள். ஈப்போ வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரியிடம் தமிழில் கேட்டுக்கொள்ளலாம். திரையில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். அதற்கு மருந்தாக, இருவரையும் ஒரே வகுப்பில் சேர்த்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கப் போகிறேன்.

குழந்தை வளர்ச்சி, உணவு, பதிவேடு எழுதுவது ஆகியவற்றை இயங்கலையில் கற்றுக்கொள்ளலாம், குறை ஒன்றுமில்லை. முதலுதவி மட்டும் திரையில் வராது. மூச்சு நின்ற கைக்குழந்தையின் நெஞ்சை அழுத்தும்போது நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர், இறங்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. காணொளியில் பார்த்தவள் பொம்மையை அழுத்தியபோது தூங்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது. பயிற்றுநர் அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்திய பிறகுதான், "இவ்வளவு ஆழமா?" என்று மிரண்டாள். கைக்குழந்தையின் தொண்டையில் பொருள் அடைத்தால் முதுகில் 5 தட்டு, நெஞ்சில் 5 அழுத்து. அதையும் கையால் செய்து பார்த்தால்தான் கை மறக்காது. இந்த ஒரு நாளுக்கு மட்டும் தாஸ்காவை மூடிவிட்டு எல்லாரையும் ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பெற்றோருக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டால் முணுமுணுப்பு குறைவு.

செலவைப் பற்றி ஒரு வரி. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், மனிதவள மேம்பாட்டு அமைப்பான எச்.ஆர்.டி. கோர்ப்புக்குக் கட்டும் லெவியிலிருந்து பயிற்சிக் கட்டணத்தைக் கோரலாம். நான்கு பேர் வைத்திருக்கும் எனக்குக் கைக்காசுதான்.

எங்கள் தாஸ்காவின் மூத்த பராமரிப்பாளரான அக்காவின் கதை வேறு. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் தொடங்கியவர். "நான் வளர்த்த பிள்ளைக்கே பிள்ளை பிறந்துவிட்டது, எனக்கு என்னம்மா பாடம்?" என்பார். கே.ஏ.பி. அவரிடம் இருக்கிறது. ஆனால் மலேசியத் திறன் சான்றிதழ் வாங்க அவருக்கு வகுப்பே தேவையில்லை. முன்னனுபவ அங்கீகாரம் என்று பி.பி.டி. வழி ஒன்று இருக்கிறது. செய்த வேலைக்கான சான்றுகளைக் கோப்பாகத் தொகுத்து மதிப்பீட்டுக்குக் கொடுக்க வேண்டும். இதைக் கே.ஏ.பி.க்கு மாற்று என்று நினைத்து யாரும் பணம் கட்டிவிட வேண்டாம். அக்காவின் கோப்புக்காக இந்த வாரம் பழைய புகைப்படங்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். எல்லாப் படத்திலும் அவர் முதுகைத்தான் காட்டுகிறார், கையில் ஒரு பிள்ளையோடு.