பிசிபி ஃபைல்களுக்கு ஜிப்பா, எஸ்விஎன்னா, கிட்டா?

2019 ஜூனில் ராஸ்பெர்ரி பை 4 வெளிவந்தபோது, அதன் யுஎஸ்பி-சி சாக்கெட்டின் கேபிள் இணைப்பை அறிய உதவும் இரண்டு சிசி பின்களும் ஒரே 5.1 கிலோஓம் ரெசிஸ்டரில் போய்ச் சேர்ந்திருந்தன. தன் திறனைச் சார்ஜருக்குச் சொல்லும் இ-மார்க்கர் சிப் உள்ள கேபிளைச் செருகினால், சார்ஜர் அந்த போர்டை ஆடியோ அடாப்டர் என்று எடுத்துக்கொண்டு மின்சாரம் தராது. 1.2 ரிவிஷனில் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் விற்ற போர்டுகள் விற்றவைதான். அப்டேட் அனுப்பி அந்த ரெசிஸ்டரை மாற்ற முடியாது. ஆகவே பிசிபி (சர்க்யூட் போர்டு) ஃபைல்களின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் எந்த வெர்ஷன் கன்ட்ரோல் முறையானாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: மேசைக்கு வந்திருக்கும் பழைய போர்டுக்கு ஃபேக்டரிக்குப் போன ஃபைல்கள் எவை என்று சந்தேகமில்லாமல் எடுக்க முடிகிறதா?

ரிவிஷனுக்கு ஒரு ஜிப் என்ற பழைய வழக்கம் இந்தச் சோதனையில் நன்றாகவே தேறும். போர்டின் அடுக்குகளுக்கான கெர்பர், துளைகளுக்கான ட்ரில், பாகப் பட்டியலான பிஓஎம், பாகங்களின் இடம் சொல்லும் பிளேஸ்மென்ட் ஃபைல் நான்கும் ஒரே ஜிப்பில் இருந்தால் போதும். ஆனால் ரிவிஷன் ஏ-யிலிருந்து பி-க்கு எது மாறியது, ஏன் மாறியது என்று அது சொல்லாது. இருவர் சேர்ந்து வேலை செய்தால் அதோடு முடிந்தது.

வெர்ஷன் கன்ட்ரோல் சாஃப்ட்வேரான எஸ்விஎன் பழசு என்று பலர் ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். ஆல்டியம் என்ற பிசிபி டிசைன் சாஃப்ட்வேரின் ஃபைல்கள் பைனரி, டெக்ஸ்ட்போல வரிவரியாக ஒன்றிணைக்க முடியாது. இருவர் ஒரே லேஅவுட்டை (போர்டில் பாகங்களும் டிராக்குகளும் அமையும் வரைபடம்) தனித்தனியாகத் திருத்தினால் ஒருவர் உழைப்பு வீண். எஸ்விஎன்னில் அந்த ஃபைலுக்கு நீட்ஸ்-லாக் போட்டுவிட்டால், லாக் எடுக்கும்வரை அது வாசிக்க மட்டுமே திறக்கும். 2005-இலேயே வந்த வசதி இது. இன்னொரு வெர்ஷன் கன்ட்ரோல் சாஃப்ட்வேரான கிட்டில் இதே வசதி வேண்டுமென்றால் எல்எஃப்எஸ் என்ற கூடுதல் கருவியைச் சேர்க்க வேண்டும்.

கிகேட் என்ற இலவச பிசிபி டிசைன் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துபவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. 2021 டிசம்பரில் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து ஸ்கீமாட்டிக்கும் (சர்க்யூட் வரைபடம்) லேஅவுட்டைப் போலவே எஸ்-எக்ஸ்பிரஷன் என்ற அடைப்புக்குறி வடிவ டெக்ஸ்ட்தான். ரெசிஸ்டர் மதிப்பை மாற்றினால், மாறிய வரிகளைக் காட்டும் டிஃப்பில் அந்த வரி பளிச்சென்று தெரியும். ஸ்கீமாட்டிக்கை ஷீட் ஷீட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் தனி ஃபைல், ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளலாம். லேஅவுட் அப்படியல்ல. ஒரு சிப்பை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தி காப்பர் ஸோனை நிரப்பினாலே டிஃப்பில் வரிகள் குவிந்துவிடும், படித்து ஒன்றும் புரியாது. இருவரின் திருத்தங்களை கிட் சத்தமில்லாமல் மெர்ஜ் (ஒன்றிணைப்பு) செய்தாலும் இரண்டு டிராக்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கலாம். டிசைன் விதிமீறல்களைக் கண்டுபிடிக்கும் டிஆர்சி சோதனையை ஓட்டாமல் நம்பவே கூடாது. 8-ஆம் பதிப்பிலிருந்து அதைக் கமாண்ட் லைனிலேயே ஓட்டலாம். என்னைக் கேட்டால், லேஅவுட்டில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் கை வைப்பது என்று பேசிவைத்துக்கொள்வதுதான் சரி.

ஆனாலும் கிகேட் டீமுக்கு நான் கிட்டையே சொல்வேன். காரணம், ஒரு குறிப்பிட்ட நிலைக்குப் பெயர் சூட்டும் டேக். ஃபேக்டரிக்கு அனுப்பிய கமிட்டில் (கிட்டில் சேமித்த பதிவு) ரிவிஷன் பெயரில் டேக் போட்டு, அனுப்பிய அதே ஜிப்பை அந்த ரிலீஸோடு இணைத்துவிட வேண்டும். பின்னால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று கெர்பரை விட்டுவிடாதீர்கள். அதற்குள் கிகேட் பதிப்பே மாறியிருக்கும். டைட்டில் பிளாக்கில் உள்ள ரிவிஷன் எண், போர்டின் மேல் அச்சாகும் சில்க்ஸ்கிரீனில் தானாக வரும்படி டெக்ஸ்ட் வேரியபிள் வைத்துவிட்டால், கையிலிருக்கும் போர்டைப் பார்த்தே டேக்கைப் பிடித்துவிடலாம். பழைய ரிவிஷனில் திருத்தம் வந்தால் அந்த டேக்கிலிருந்து ஒரு கிளை எடுத்தால் போதும்.

அப்புறம் கிகேட்டில் ஒரு பொறி உண்டு. புதிய பதிப்பில் சேமித்த ஃபைலைப் பழைய பதிப்பு திறக்காது. அதனால் பதிப்பு மாற்றத்தை, வேறு எந்தத் திருத்தமும் கலக்காமல் தனிக் கமிட்டாகப் போடுங்கள். அவரவர் திரை அமைப்பை வைத்திருக்கும் பிஆர்எல் ஃபைலையும் பேக்கப் ஃபோல்டரையும், கிட் பதிவுசெய்யாமல் விட வேண்டிய ஃபைல்களின் பட்டியலான கிட்இக்னோரில் சேர்த்துவிடுங்கள்.

ஆல்டியத்தின் கிளவுட் சேவையான ஆல்டியம் 365-இலும் உள்ளே ஓடுவது கிட்தான். மேலே பிரவுசரிலேயே போர்டைத் திறந்து பார்க்கும் வசதி இருக்கிறது. ஆல்டியத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டுகிறவர்களுக்கு நல்ல தேர்வு. இதற்காகவே கிகேட்டை விட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.