பிஜி-அப்கிரேட்: வேலை முடிந்தது, ரிப்போர்ட் எங்கே?

சம்மாந்துறையில் ஒரு அரிசி மில்லுக்கு நெல் வரவுக் கணக்கு சொஃப்ட்வெயார் நான்தான் பார்க்கிறேன். அடியில் டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 13. அதற்கான ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்துவிட்டது, பெரும்போக அறுவடை தொடங்கி லொறிகள் வரிசை கட்டுவதற்குள் 17க்கு ஏற்றிவிட வேண்டும் என்று, மில் பூட்டிக் கிடக்கும் ஒரு வெள்ளிக்கிழமை மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறினேன். கருவி, பழைய பதிப்பின் டேட்டாவைப் புதியதற்கு மாற்றித் தரும், போஸ்ட்கிரஸோடு கூடவே வரும் பிஜி-அப்கிரேட்.

முதலில் நல்லது. செக் மோட்டில் ஓட்டினால் டேட்டாவில் கை வைக்காமல் பிழையை மட்டும் சொல்கிறது. புதிய சேர்வரில் ஒரு எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி) போட மறந்திருந்தேன், எந்த லைப்ரரி இல்லை என்று ஃபைலில் எழுதியே வைத்திருந்தது. லிங்க் மோட் டேட்டாவைப் பிரதி எடுப்பதில்லை, ஹார்ட் லிங்க் போட்டு, அதே ஃபைலையே புதிய சேர்வருக்கும் காட்டிவிடுகிறது. மில் காக்கா ஜும்ஆவுக்குப் போய் வருவதற்குள் 40 ஜிபி முடிந்தது. ஆனால் புதிய சேர்வரை ஒருமுறை கிளப்பிவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது, பேக்கப் இல்லாமல் தொடவே வேண்டாம்.

சரி, காக்காவிடம் காட்ட, நடந்ததைப் பதிந்து வைக்கும் லொக் ஃபைலைத் தேடினால் அந்த ஃபோல்டரையே காணவில்லை. அரை மணி நேரம் பெர்மிஷன், டிஸ்க் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். 15ஆம் பதிப்பிலிருந்து லொக் எல்லாம் புதிய டேட்டா ஃபோல்டருக்குள் தனி இடத்தில் போகும், வேலை வெற்றி என்றால் கருவியே அதை அழித்துவிடும். தோற்றால்தான் மிச்சம் வைக்கும்! வேண்டுமென்றால் ரிடெய்ன் என்ற ஒப்ஷனை முன்கூட்டியே கொடுக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை காக்காவின் கோல். "தம்பி, ரிப்போர்ட்ல எல்லாம் சைபர் காட்டுது, போன போகத்து நெல்லெல்லாம் எங்க?" எனக்கு வயிறு கலங்கிவிட்டது. டேபிள்களைத் திறந்தால் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. நான் செய்த கெட்டித்தனம் என்னவென்றால், ரிப்போர்ட் சீக்கிரம் வரட்டும் என்று வரிசைகளை எண்ணாமல் போஸ்ட்கிரஸ் தானே வைத்திருக்கும் பிஜி-ஸ்டாட்-யூசர்-டேபிள்ஸ் என்ற புள்ளிவிவரப் பட்டியலில் இருக்கும் மதிப்பீட்டை எடுத்துப் போட்டிருந்தேன். அந்தப் புள்ளிவிவரம் அப்கிரேட்டில் கூட வருவதில்லை, சைபரிலிருந்துதான் தொடங்கும். 17 வரை பிளானருக்கு, அதாவது டேட்டாவை எந்த வழியில் எடுப்பது என்று முடிவு செய்யும் பகுதிக்கு, தேவையான புள்ளிவிவரமும் வராது, அதனால் ஒரு விவசாயியின் கணக்கைத் திறக்கவே இழுத்துக்கொண்டு கிடந்தது. புள்ளிவிவரத்தைப் புதிதாகச் சேகரிக்க வெக்கியூம்-டிபி என்ற கட்டளையை அனலைஸ்-இன்-ஸ்டேஜஸ் கொடுத்து ஓட்டியதும் இரண்டும் சரி. அதை ஓட்டச் சொல்லி கருவி முடிவில் திரையிலேயே எழுதியிருக்கிறது, நான்தான் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் விண்டோவை மூடிவிட்டேன்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைத்த ஒன்று அந்த லொக்குக்காக, வெற்றி பெற்ற வேலைக்கும் ஆதாரம் கேட்கிற ஆட்கள் உண்டு. 18க்குப் போகிறவர்களுக்குப் பிளானர் புள்ளிவிவரம் பெரும்பாலும் கூடவே வந்துவிடும், நான் மாட்டிய அந்த எண்ணிக்கை அதிலும் வராது. என் ரிப்போர்ட்டை உண்மையான கவுண்டுக்கு மாற்றிவிட்டேன். கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது, காக்கா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.