ஹம்மிங் பறவைக்கு எந்தக் கொடி: கோரல் ஹனிசக்கிளா, டிரம்பெட் வைனா?

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் கோடையில் தோட்டத்துக்கு வரும் ஹம்மிங் பறவை பெரும்பாலும் ஒரே இனம்தான்: ரூபி த்ரோட்டட். நியூஜெர்சிப் பக்கம் ஏப்ரல் கடைசியில் வந்து, செப்டம்பர் முடிவதற்குள் பெரும்பாலானவை தெற்கே கிளம்பிவிடும். சிவப்பிலோ ஆரஞ்சிலோ குழல் வடிவப் பூ இருந்தால் தேடி வரும். ஆகவே பறவை வருமா என்ற கவலை வேண்டாம். பத்து வருஷம் கழித்து அந்தக் கொடியைக் கட்டி மேய்க்க முடியுமா என்று பாருங்கள். அந்தக் கணக்கில் என் ஓட்டு கோரல் ஹனிசக்கிளுக்கு.

டிரம்பெட் வைன் பூவில் குறையே இல்லை. மூன்று அங்குல ஆரஞ்சுக் குழல்கள் கோடை முழுக்கக் கொத்துக்கொத்தாகப் பூக்கும். தொல்லையெல்லாம் மண்ணுக்கு அடியில். வேரிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பி, தாய்ச்செடிக்குப் பல அடி தள்ளிப் புல்தரையிலும் நடைபாதை இடுக்கிலும் தலைகாட்டும். பிடுங்கினால் வேர்த்துண்டு உள்ளேயே தங்கி மறுபடி துளிர்க்கும். கொடியை அடியோடு வெட்டிய பிறகும் இது வருஷக்கணக்கில் ஓயாது. தண்டின் பற்றுவேர்கள் மரப்பலகைச் சுவரின் இடுக்கில் நுழையும். இழுத்தால் பெயின்டும் சேர்ந்து உரியும். 30 அடி ஏறும் கொடியின் கனத்தைக் கடையில் விற்கும் மெல்லிய மரத்தட்டி தாங்காது. வெட்டும்போது சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை அவசியம்.

இதுதான் வேண்டுமென்றால் வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, சுற்றிலும் புல்வெட்டும் இயந்திரம் ஓடக்கூடிய இடத்தில், ஆழமாக ஊன்றிய தனிக் கம்பத்தில் ஏற்றுங்கள். குளிர்கால முடிவில் பக்கக்கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு ஒட்ட வெட்டலாம்; புதுத் தளிரில் பூப்பதால் நஷ்டமில்லை. தழைச்சத்து உரம் போட்டால் இலைதான் மண்டும்.

கோரல் ஹனிசக்கிள் 10 முதல் 20 அடியோடு நின்றுவிடும். பற்றுவேர் கிடையாது, சுற்றிக்கொண்டு ஏறுவதால் கம்பி கட்டினால் போதும். சுவரிலிருந்து ஆறு அங்குலம் தள்ளிக் கட்டுங்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் இலையில் வெள்ளைச் சாம்பல் பூத்தமாதிரி நோய் வரும். மேஜர் வீலர் என்ற ரகம் அதை ஓரளவு தாங்கும். ஆறு மணி நேர வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் பூ குறையும்.

வசந்தத்தில் தளிர் நுனி சுருண்டால் அசுவினிதான். குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தாலே உதிர்ந்துவிடும். இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிமருந்தை வேரில் ஊற்றவே வேண்டாம். அது தேன் வரைக்கும் ஏறும். ஹம்மிங் பறவைகள் அந்தத் தேனைக் குடிப்பதோடு, குஞ்சுக்குச் சிறு பூச்சிகளையும் ஊட்டுகின்றன.

கத்தரிக்கும் நேரம் முக்கியம். முதல் பூப்பு பெரும்பாலும் பழைய தண்டில் வருவதால், அது ஓய்ந்தபின் வெட்டுங்கள். குளிர்காலத்தில் வெட்டினால், பறவை வந்திறங்கும் வேளையில் பூ இருக்காது.

நர்சரியில் வெறும் 'ஹனிசக்கிள்' என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள், கோரல் ஹனிசக்கிளின் தாவரவியல் பெயரான லோனிசெரா செம்பர்விரென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பூங்கொத்துக்குக் கீழுள்ள இலை ஜோடி ஒட்டிப்போய்த் தட்டுபோல இருக்கும். தண்டு அதன் நடுவே துளைத்துக்கொண்டு போகும். வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறும் ஜப்பான் ஹனிசக்கிளுக்கு இந்த அமைப்பு இருக்காது. அது காட்டையே மூடும் ஆக்கிரமிப்புச் செடி.

கிராஸ்வைன் என்ற இன்னொரு கொடி, தெற்கே ஜார்ஜியா, கரோலினா பக்கம் நல்ல தேர்வு, ஏப்ரலிலேயே பூத்துவிடும். குளிர் கடுமையான வடக்கே அதை நம்பிக் கம்பி கட்டச் சொல்லமாட்டேன்.

ஹனிசக்கிள் வேர்பிடிக்கும் முதல் கோடையில் இடத்தை நிரப்ப, நம் ஊரிலும் வளரும் மயில்மாணிக்கக் கொடி போதும். உறைபனி முடிந்தபின், இரவு ஊறவைத்த விதையை அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். காய் வெடிப்பதற்குள் பறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் தோட்டம் முழுக்க அதுவே முளைக்கும்.