24 பிட்டா, 32 பிட் ஃப்ளோட்டா?

ஒலிப்பதிவில் அலையை எண்களாகச் சேமிக்க 24 பிட், 32 பிட் ஃப்ளோட் என இரண்டு வழிகள் உண்டு; ஃப்ளோட்டில் உச்ச அளவைத் தாண்டிய எண்களுக்கும் இடம் இருக்கும். அதில் எடுத்தால் சத்தம் உடையவே உடையாது என்று நம்பி, கெயினை (மைக்கின் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவை)க் கவனிக்காமல் ஒருமுறை ஒரு நேர்காணலைப் பதிவு செய்தேன். பேசியவர் நடுவில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பெரிதாக்கிப் பார்த்தால், அந்த இடத்தில் அலையின் தலை கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தது. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினேன். உயரம் குறைந்ததே தவிர, தட்டை தட்டையாகவே நின்றது.

மைக்கைக் கணினியோடு இணைக்கும் சாதாரண இன்டர்ஃபேஸில், மைக்கின் மின்னலையை எண்ணாக மாற்றும் சிப் பெரும்பாலும் 24 பிட்தான் தரும். அது தன் உச்ச அளவான 0 டெசிபல் கூரையில் முட்டிவிட்டால், அந்த எண்களை எவ்வளவு பெரிய கோப்பில் ஊற்றினாலும் போனது போனதுதான். மெல்லிய சத்தத்துக்கு ஒன்று, பலத்த சத்தத்துக்கு ஒன்று என இரண்டு மாற்றிகள் வைத்த ரெக்கார்டர் என்றால் கதை வேறு; எப்போது யார் கத்துவார்கள் என்று தெரியாத வெளிப்புறப் பதிவுக்கு அதைத்தான் எடுத்துப் போவேன்.

மற்றபடி பதிவுக்கு 24 பிட் தாராளம். கணக்குப்படி அதன் வீச்சு, அதாவது மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பலத்த சத்தத்துக்கும் உள்ள இடைவெளி, 144 டெசிபல், 16 பிட்டுக்கோ 96தான். அதனால் மீட்டரை 0-வை ஒட்டி ஓட்டும் பழைய பழக்கம் தேவையில்லை. உச்சம் -12 டெசிபலைத் தொட்டால் போதும், திடீர்ச் சிரிப்புக்கும் இடம் இருக்கும்.

ஃப்ளோட் ஜெயிப்பது பதிவுக்குப் பின்னால். ஈக்யூவில் (ஒலியின் அடி, நடு, உச்சப் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவியில்) பாஸை, அதாவது அடித்தொனியை, ஏற்றியதில் ட்ராக் 0-வைத் தாண்டி 6 டெசிபல் மேலே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 24 பிட்டில் எக்ஸ்போர்ட் செய்தால் தலை வெட்டுப்படும். ஃப்ளோட்டில் சேமித்தால், மீட்டர் சிவப்பாக எரிந்தாலும் அலை முழுசாக உள்ளே இருக்கும். பிறகு 6 டெசிபல் இறக்கினால் சரியாகிவிடும். ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியின் இயல்பு அமைப்பே 32 பிட் ஃப்ளோட்தான், அதை மாற்ற வேண்டாம். இடைநிலைக் கோப்புகளை எம்பி3-யாக வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் தேயும்.

கோப்பின் அளவு? 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு 24 பிட் சுமார் 1.04 ஜிபி, ஃப்ளோட் 1.38 ஜிபி. இது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. ஃப்ளோட்டில் மூன்று மணி நேரம் தாண்டியதுமே அந்த எல்லை வந்துவிடும், 24 பிட்டில் நான்கு மணி நேரம் வரை ஓடும். நீண்ட கச்சேரி என்றால் 4 ஜிபியைத் தாண்டியும் போகும் வேவ் வகையான ஆர்எஃப்64 வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது இடைவேளையில் நிறுத்திப் புதுக் கோப்பில் தொடங்குங்கள்.