வீட்டில் பேஸ் கிட்டார் செய்ய: எந்தக் கழுத்து, எந்த மரம், எந்தப் பூச்சு?

மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் என்று குமரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஆலயப் பாடகர் குழுவில், அடிச்சுதி கொடுக்கும் நாலு கம்பி பேஸ் கிட்டார் ஒன்று இருக்கும். அதை வாசிக்கிற பையன்களில் பலருக்கு ‘நாமளே ஒண்ணு செஞ்சா என்ன’ என்ற ஆசை உண்டு. நல்ல ஆசை. ஊரில் கைதேர்ந்த ஆசாரிமார் இருக்கிறார்கள், மர மில் இருக்கிறது, பல வீடுகளில் பலாப் பலகையே சும்மா கிடக்கிறது. அதனால் முதல் கேள்வி ‘எந்த மரம்’ என்றுதான் வரும். நான் கழுத்திலிருந்து, அதாவது விரல் வைத்து வாசிக்கிற நீளத் தண்டிலிருந்து, தொடங்கச் சொல்வேன். உடல் மரம் முன்னே பின்னே இருந்தாலும் கருவி வாசிக்கும். கழுத்து முறுக்கிக்கொண்டால் எதுவும் மிஞ்சாது.

கழுத்தை உடலோடு சேர்க்க இரண்டு முக்கிய வழிகள். ஒன்று, தனியாகச் செய்து நாலு திருகாணியில் முடுக்குவது. லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் இந்த வகை. இன்னொன்று, கழுத்து மரமே உடலின் நடுவாக அடிவரை ஓடி, இரு பக்கமும் இறக்கைப் பலகை ஒட்டுவது. 1961இல் வந்த ரிக்கன்பேக்கர் 4001 இப்படித்தான். இரண்டாவது பார்க்க அழகு, மேல் ஃபிரெட்டுகளுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளுக்கு) கை தடையில்லாமல் போகும். ஆனால் நாலு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ விசையில் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு; மரம் ஈரம் குடிப்பதும் விடுவதுமாகவே வருஷம் போகும். ஓடுகழுத்து திரும்பிவிட்டால் முழுக் கருவியும் வீண். திருகாணிக் கழுத்தைக் கழற்றி, வேறு போட்டுக்கொள்ளலாம். முதல் கருவிக்குத் திருகாணிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தக் கழுத்தை நாமே செய்வதா, வாங்குவதா? செய்ய ஆசை இருந்தாலும் முதல் தடவை மேப்பிள் கழுத்தாக, உள்ளே டிரஸ் ராடு (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) வைத்தது, ஃபிரெட் அடித்தது ஒன்றை வாங்குங்கள். நாமே செய்தால் ஃபிரெட் இடைவெளிக் கணக்கு ஒன்றும் கடினமில்லை: கம்பி நீளத்தை (கழுத்தின் தலைப்பக்கக் கட்டையிலிருந்து, உடலில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் வரை) 17.817ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட், மீதியைத் திரும்ப அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. 34 அங்குலத்துக்கு, அதாவது 863.6 மி.மீ.க்கு, முதல் ஃபிரெட் 48.5 மி.மீ.யில் விழும், பன்னிரண்டாவது சரிபாதியில், 431.8இல். கஷ்டம் கணக்கில் இல்லை, கையில் இருக்கிறது. அரை மி.மீ. தள்ளி வெட்டிய ஃபிரெட் ஆயுசுக்கும் சுதி பிசகும். கழுத்தின் மேல் ஒட்டும் விரல் பலகைக்கு ஈட்டி மரம் கேட்பவர்கள் வாங்கிய பில்லை வைத்துக்கொள்ள வேண்டும். அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுப்பாடு உண்டு.

கம்பி நீளம் 34 அங்குலமா, 30 அங்குலமா என்பது வாசிப்பவரைப் பொறுத்தது. அதே கம்பியை அதே சுதியில் 30 அங்குலத்தில் கட்டினால் இழுவிசை 22 சதவீதம் குறையும். சின்னப் பிள்ளைகளுக்கும் விரல் எட்டாதவர்களுக்கும் அது பெரிய உதவி. பெரிய ஆலயத்தில் அடித்தந்தியின் 41 ஹெர்ட்ஸ் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் 34 போங்கள்.

இனி மரம். பேஸ் உடல் ஏறக்குறைய 5 லிட்டர் கன அளவு. ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ கூடிய மரத்தை எடுத்தால் கருவியில் அரைக் கிலோ ஏறும். இரண்டு மணி நேர ஆராதனையில் தோளில் தொங்குகிறவருக்கு அந்த அரைக் கிலோ தெரியும். மின் கிட்டாரில் மரத்தின் ஓசை பற்றி நிறையப் பேசுகிறார்கள். என் கணிப்பில் எடையும், ஈரமும், பூச்சி விழாத குணமும் அதைவிட முக்கியம்.

தேக்கு அசையாது, கறையான் தொடாது. விலையும் எடையும்தான் இடிக்கும். எண்ணெய்ப் பசை உள்ள மரமானதால் ஒட்டுமுன் தின்னர் வைத்துத் துடைக்க வேண்டும். அயினி நம் பக்கத்தில் கதவு நிலைக்கும் படகுக்கும் போன மரம், தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் ரேகை திசைமாறி ஓடுவதால் இழைப்புளி பட்ட இடத்தில் பெயர்ந்து வரும், விளிம்பு உருட்டுவதற்குப் பொறுமை வேண்டும். ரப்பர் மரம் மலிவு, வெளிறிய நிறம், இழைக்கச் சுகம். பால் வற்றி வெட்டிப்போட்ட ரப்பர் தடியை அப்படியே அறுத்து வாங்கினால் சில வாரங்களில் கறுப்புப் பூசணமும் வண்டும் வந்துவிடும். மருந்தேற்றி உலர்த்திய பலகை என்றால் மட்டும் வாங்குங்கள். வீட்டு வளாகங்களில் வளர்த்த மகாகனி கிடைத்தால் அதுவும் நல்லதுதான், இளமரம் வேண்டாம்.

எனக்குப் பிடித்தது பலா. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் அதைத்தான் குடைகிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாவில் செதுக்கிய தூணைப் பார்த்தவர்கள் அந்த மரத்தில் எவ்வளவு நுணுக்கம் நிற்கும் என்று அறிவார்கள். இழைத்த புதிதில் மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் பட்டு வருஷம் போகப்போகப் பழுப்பேறும். அதற்காகவே சாயம் போடாமல் விடலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். எனக்குப் பலகை பார்த்துக் கொடுத்த ஆசாரி சொன்னார்: “மக்கா, வெள்ளைய செத்திக் களைஞ்சிட்டு அளவெடு. இல்லேன்னா பூச்சி குத்திரும்.” வெள்ளை என்பது தடியின் வெளிப்பக்கத்து வெளிறிய மரம். வைரம் பாய்ந்த உள்பாகம் மட்டும் எடுத்தால் அகலம் போதாது, இரண்டு மூன்று துண்டை ஒட்டிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

பலகை உலர்ந்ததா என்று பார்க்கத் தராசு போதும். நிழலில் கட்டை வைத்து அடுக்கி, வாரம் ஒருதரம் எடைபோட்டு எழுதிவையுங்கள். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் காத்திருங்கள். மழைக்காலத்தில் நின்றுவிட்டது என்று நம்ப வேண்டாம். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால் மரத்தில் 15 சதவீதத்தை ஒட்டி ஈரம் தங்கிவிடும். கோடையில் பார்த்து முடிவு செய்வதே பத்திரம்.

கழுத்துக்குழி வெட்டும்போது அவசரம் கூடாது. 12 மி.மீ. பிளைவுட்டில் அச்சு வெட்டி, வேறு துண்டு மரத்தில் ரவுட்டர் (மரம் குடையும் மின்கருவி) ஓட்டிப் பார்த்துவிட்டு உடலுக்கு வாருங்கள். திருகாணி போடாமல் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் உடல் கூடவே வர வேண்டும். அந்த இறுக்கம் கிடைத்ததும் இரு ஓரக் கம்பிகளின் இடத்தில் நூலைக் கட்டி, கழுத்தின் இருபுறமும் இடைவெளி சமமா என்று பார்த்த பிறகுதான் பிரிட்ஜுக்குத் துளை.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப். அதில் பிரிசிஷன் வகையா, 1960இல் வந்த ஜாஸ் வகையா? ஜாஸில் இரண்டு பிக்கப், குரலில் வகை அதிகம். ஆனால் ஒன்றை மட்டும் திறந்தால் இரைச்சல் வரும். இரண்டும் முழுசாகத் திறந்தால்தான் அடங்கும். 1957க்குப் பிந்தைய பிரிசிஷன் பிக்கப் இரண்டு பாதியாகப் பிரிந்து, இரைச்சலைத் தானே அடித்துவிடும். எர்த் சரியில்லாத மேடைகளில் வாசிக்கிறவர்களுக்கு அதுவே நிம்மதி. எதைப் போட்டாலும் பிரிட்ஜிலிருந்து எர்த் வயர் இழுக்க மறக்காதீர்கள்.

பூச்சுக்கு வருவோம். பி.யு. (பாலியூரிதேன்) அடித்தால் கண்ணாடி மாதிரி மினுங்கும், ஈரத்தையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் ஸ்பிரே கன்னும் முகமூடியும் தூசியில்லாத அறையும் வேண்டும். கீறல் விழுந்தால் ஒட்டுப்போடுவது கடினம். ஆளி எண்ணெயைத் துணியால் தேய்க்கலாம், பலாவின் நிறம் துலங்கும், கீறினால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்பப் பூசலாம். ஈரத்தடுப்பு குறைவு என்பதால் வருஷம் ஒருமுறை பூச வேண்டும். வீட்டில் செய்பவருக்கு எண்ணெயே என் தேர்வு. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்; தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள்.

குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் இருந்தால் பிரிட்ஜ் திருகாணிகளை ஸ்டெயின்லெஸில் வாங்குங்கள்; சாதாரண இரும்பு உப்புக்காற்றில் சீக்கிரம் துரு கட்டிவிடும். பின்னால் கழுத்தே செய்யத் துணிந்தால் ஃபிரெட் மட்டும் நிக்கல் சில்வர் போதும். அது துருப்பிடிக்காது, ஸ்டெயின்லெஸ் ஃபிரெட்டை அராவ வீட்டில் இருக்கும் அரம் தாங்காது.